ஒலிப்பதிவு செய்பவர்களிலும் பார்வையற்றோர் இருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியிலேயே பாட்டும் பாட்காஸ்ட்டும் பதிவு செய்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளிவந்த கட்டுரையை, திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பானின் உதவியோடு முழுவதும் கேட்டேன். மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, அறையின் எதிரொலியை எப்படி அடக்குவது என்பனவற்றைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். அவருக்கு என் பாராட்டு. ஆனால் பதிவு தொடங்கும் இடத்திலிருந்து கட்டுரை முடியும்வரை ஒவ்வொரு படியும் சிவப்பு வட்டத்தைச் சொடுக்குவது, ஒலியை வரைந்து காட்டும் அலைவடிவத்தில் வேண்டாத பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுப்பது, ஒலியளவு மீட்டர் மஞ்சளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்றே அமைந்திருந்தது. பார்வையற்றோரைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரி. பாட்காஸ்ட் அவர்களுக்குக் கேட்டு மகிழ நல்ல துணை என்பதே அது. பதிவு செய்பவர்களிலும் நாங்கள் இருக்கிறோம். அந்த வேலை எங்கள் கையில் எப்படி நடக்கிறது, எங்கே தடைபடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்களைக் கேட்பவர்களாக மட்டுமே எண்ணுவது பழைய வழக்கம். ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, 1878-ல், அதன் பயன்களை வரிசைப்படுத்தி எழுதிய தாமஸ் எடிசன், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் ஒலிநூல்களை அவ்வரிசையின் முன்பகுதியிலேயே வைத்தார். 1930-களில் பேசும் புத்தகங்கள் வந்தபோது அந்த எண்ணம் நிறைவேறியது; அதனால் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். அதே வேளையில், பதிவு செய்பவர் ஒருவர், செவிகொடுத்து அமர்ந்திருப்பவர் பார்வையற்றவர் என்னும் பிரிவினையும் மனங்களில் ஊன்றிவிட்டது. உண்மையில், டேப் ரெக்கார்டர் காலத்தில் எங்களுக்குப் பதிவு செய்வது ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. பட்டன்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன; எந்தப் பட்டன் எது என்று ஒரு முறை தடவிப் பார்த்தவருக்கு மறுமுறை கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டன்கள் கருவியை விட்டுக் கணினித் திரைக்குள் படங்களாகப் போன பிறகுதான் எங்களுக்கும் பதிவு வேலைக்கும் இடையில் கண்ணாடிச் சுவர் எழுந்தது.

அந்தச் சுவரில் வாசல் திறந்தது ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான். திரையிலுள்ள மெனு, பட்டன், எழுத்து ஆகியவற்றைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தருவது அதன் வேலை. விண்டோஸில் ஜாஸ் என்னும் திரைவாசிப்பான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஆப்பிள் கணினியில் வாய்ஸ்ஓவர் 2005 முதல் இயங்குதளத்திலேயே சேர்ந்து வருகிறது. மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கி, பின்னர் ஜேம்ஸ் டே என்பவரோடு சேர்ந்து வளர்த்த என்விடிஏ முற்றிலும் இலவசமானது. அந்த இருவருமே பார்வையற்றவர்கள். பதிவு மென்பொருளில் பலருக்கும் முதல் பாடம் 2000-ல் வெளியான ஆடாசிட்டி. அதுவும் இலவசம். விண்டோஸில் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை விசைப்பலகையை மட்டும் கொண்டு இயக்கலாம். ஆர் விசை பதிவைத் தொடங்கும்; ஸ்பேஸ் பார் நிறுத்தும். இதற்கு மேல் தொடக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எடிட்டிங்கைப் பற்றித்தான் பார்வையுள்ளவர்கள் அதிகம் வியந்து கேட்கிறார்கள். அலைவடிவத்தைப் பார்க்காமல் எப்படி வெட்டுவீர்கள் என்பதே எல்லாருடைய கேள்வியும்.

பேட்டி ஒன்றின் நடுவில் விருந்தினர் இருமிவிட்டார் என்று கொள்வோம். பதிவை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே வருகிறேன். இருமல் தொடங்கும் கணத்தில் இடது சதுர அடைப்புக்குறி விசையையும், அது முடியும் கணத்தில் வலது சதுர அடைப்புக்குறி விசையையும் அழுத்துகிறேன். இருமல் இப்போது தேர்வாகிவிட்டது. ஆனால் விரலின் தாமதத்தால் ஓரங்கள் சற்றுத் தள்ளி விழுந்திருக்கும். ஷிஃப்ட்டோடு அம்புக்குறி விசைகளைத் தட்டித் தேர்வை விரிக்கவும், அவற்றோடு கன்ட்ரோலையும் சேர்த்துச் சுருக்கவும் செய்கிறேன். பிறகு சி விசை. அது இருமலை விட்டுவிட்டு அதன் முன்னும் பின்னும் உள்ள பேச்சை மட்டும் சேர்த்து ஒலிக்கச் செய்து, வெட்டினால் எப்படிக் கேட்கும் என்பதை வெட்டுவதற்கு முன்பே காட்டிவிடும். பேச்சு இயல்பாக ஓடுகிறதா, மூச்சு பாதியில் அறுபடுகிறதா என்பதைக் காது உடனே சொல்லிவிடுகிறது. வெட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒலி எழாமலிருக்க இசட் விசையை அழுத்தினால், தேர்வின் இரு ஓரங்களும் ஒலியலை சுழியத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகர்ந்துகொள்ளும். அதன் பிறகே டெலீட். வேறு விசைகளில் பழகியவர்கள் இவற்றைத் தங்கள் வசதிக்கு மாற்றியும் கொள்ளலாம். இதில் கண்ணுக்கு வேலை எதுவும் இல்லை. அலைவடிவத்தைப் பார்த்து வெட்டுபவரும் கடைசியில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

எங்கள் உண்மையான தலைவலி எடிட்டிங் அன்று. காதுக்குள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு குரல்கள். கணினியை இயக்கத் திரைவாசிப்பானின் பேச்சு வேண்டும். பதிவிலோ அந்தப் பேச்சு ஒரு துளியும் விழக்கூடாது. திறந்த வகை ஹெட்ஃபோனை அணிந்துகொண்டு மைக்குக்குப் பக்கத்தில் அமர்ந்தால், காதிலிருந்து கசியும் பேச்சு பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும். மூடிய வகை ஹெட்ஃபோன் அதைத் தடுக்கும். ஆனால் கணினிக்குள் ஓடும் ஒலியையே பதிவு செய்யும்போது ஹெட்ஃபோன் எதுவானாலும் பயனில்லை. திரைவாசிப்பானும் பதிவு மென்பொருளும் ஒரே ஒலிச் சாதனத்தைப் பயன்படுத்தினால் இரண்டும் கலந்தே பதிவாகும். ஆகவே தொடங்கும்போதே இரண்டையும் பிரித்துவிடுவது எங்கள் முதல் விதி. மைக்கும் பாட்டும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் வெளிக்கருவியான யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகவும், திரைவாசிப்பானின் பேச்சு கணினியிலேயே உள்ள ஒலிச் சாதனத்தின் வழியாகவும் போக வேண்டும். திரைவாசிப்பானின் அமைப்புகளில் பேச்சுக்கான வெளியீட்டுச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் பலருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வல்லவர்களான பாடகர்களின் பதிவில்கூட, ஆலாபனைக்கு நடுவில் ஓர் இயந்திரக் குரல் 'நிறுத்து பட்டன்' என்று சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறேன். கற்றுக்கொடுக்க ஆள் இருந்திருந்தால் அந்தப் பதிவு கெட்டிருக்காது.

மென்பொருள் செய்வோர் எங்கள் பேச்சைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு என்விடிஏ நல்ல சான்று. அதில் பேச்சை முழுவதும் நிறுத்தி வைக்கும் வசதி முன்பே இருந்தது. 2024-ல் வந்த முதல் பதிப்பில், நாம் கேட்டால் மட்டும் பேசும் முறை சேர்ந்தது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக எதையும் சொல்லாமல், நேரம் என்ன, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று விசையை அழுத்திக் கேட்டால் மட்டும் அது பதில் சொல்லும். அடுத்த பதிப்பில், திரைவாசிப்பானின் பேச்சை ஒரு காதுக்கும் மற்ற மென்பொருள்களின் ஒலியை மறு காதுக்கும் பிரித்தனுப்பும் வசதி வந்தது. காதுக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொடுத்த பிறகு எடிட்டிங்கின் வேகமே மாறிவிட்டது. ஸ்டீரியோவில் இசையைக் கலக்கும்போது இது உதவாது என்பதும் உண்மை; அப்போது இரண்டு காதுகளும் இசைக்கே வேண்டும். பேச்சே முதன்மையான பாட்காஸ்ட் வேலைக்கு இது பெரும் வசதி.

எழுதி வைத்ததைப் பார்த்துப் படிக்க வேண்டிய நிகழ்ச்சியில் மற்றொரு சிக்கல் எழுகிறது. பிரெய்ல் டிஸ்பிளே வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். புள்ளிகள் விரலுக்கடியில் எழுந்தும் தாழ்ந்தும் ஒவ்வொரு வரியாக ஓசையின்றித் தர, அவர்கள் வாய் திறந்து படித்துக்கொண்டே போகலாம். அக்கருவியின் விலை பலருக்கும் எட்டாதது. அது இல்லாதவர்கள் திரைவாசிப்பானை ஒரு காதில் ஓடவிட்டு, அது சொல்லும் சொற்களைச் சில சொற்கள் பின்தங்கி, தங்கள் குரலில், தங்கள் உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டே போகிறார்கள். காதில் விழுவது ஏற்ற இறக்கமில்லாத இயந்திரப் பேச்சு. வாயில் வருவதோ நேயர்களோடு நேரில் பேசுவது போன்ற நடை. முன்னொன்றைக் கேட்டுக்கொண்டே பின்னொன்றைப் பேசப் பல மாதப் பயிற்சி வேண்டும். இத்திறமைக்கு உரிய மரியாதையை இதுவரை யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மீட்டரைப் பார்க்காமல் ஒலியளவை எப்படி அறிவது என்பது கட்டுரையைக் கேட்டபோது எனக்கு உடனே தோன்றிய கேள்வி. ஒலியளவு உச்சவரம்பைத் தாண்டினால் பதிவு கரகரத்துச் சிதைந்துவிடும். பிறகு அதை முழுமையாகச் சீர்செய்ய முடியாது. ஆடாசிட்டியில் இதற்கு ஒரு வழி உண்டு. பாடப்போகும் உச்சக்குரலில் சிறிது பாடிப் பதிவு செய்து, அதைத் தேர்ந்தெடுத்து, 'ஆம்பிளிஃபை' என்னும் விளைவைத் திறக்க வேண்டும். வரம்பைத் தொட இன்னும் எத்தனை டெசிபல் கூட்டலாம் என்று அது தானே கணக்கிட்டு எண்ணாகக் காட்டும். திரைவாசிப்பான் அந்த எண்ணைப் படிக்கும். 9 என்று சொன்னால், நம் குரலின் உச்சம் வரம்புக்கு 9 டெசிபல் கீழே இருக்கிறது, இடைவெளி போதும் என்று பொருள். எஸ்கேப் விசையை அழுத்தி வெளியே வந்து உண்மையான பதிவைத் தொடங்கலாம். ஒலியை மாற்றுவதற்காகச் செய்த கருவியை நாங்கள் அளவுகோலாக்கிக்கொண்டோம். 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்யும் கையடக்கக் கருவிகள் வந்த பிறகு இந்தக் கவலை மேலும் குறைந்திருக்கிறது. கோப்பில் உச்சம் வரம்பைத் தாண்டினாலும் பின்னர் இறக்கிக்கொள்ள முடியும். ஒலிப்பதிவுக் கருவிகள் செய்யும் ஜூம் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட எசென்ஷியல் வரிசைக் கருவிகள் தம் மெனுக்களைத் தாமே பேசிச் சொல்கின்றன. பழைய டேப் ரெக்கார்டர் தந்த தன்னம்பிக்கையை அவை மீண்டும் தருகின்றன.

பாட்காஸ்ட்டிலிருந்து பல தடங்களில் இசையைப் பதிவு செய்யும் வேலைக்கு வந்தால், எங்களில் பலர் நாடுவது ரீப்பர். அந்த மென்பொருளைத் திரைவாசிப்பானோடு பேச வைப்பது ஒசாரா என்னும் இலவச இணைப்பு. அதைத் தொடங்கியவரும் என்விடிஏவை வளர்த்த அதே ஜேம்ஸ் டேதான். மேலும் கீழும் அம்புக்குறியைத் தட்டினால், 'மிருதங்கம், பதிவுக்குத் தயார்', 'வயலின், ஒலி அடக்கப்பட்டது' என்ற பொருளில் ஒவ்வொரு தடத்தின் பெயரையும் நிலையையும் ஒசாரா சொல்லும். ஒலியளவு நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் தானே எச்சரிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. இந்த இணைப்பைக் கொண்டு முழு இசைத் தொகுப்பையும் தனி ஆளாகப் பதிவு செய்து, கலந்து, இறுதி வடிவம் கொடுக்கும் பார்வையற்ற கலைஞர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

பெருந்தடை எஞ்சியிருப்பது பிளக்-இன்களில். எதிரொலி சேர்ப்பது, குரலைச் சமப்படுத்துவது, வாத்திய ஒலியை உருவாக்குவது முதலிய வேலைகளுக்கான இந்தச் சிறு மென்பொருள்களில் பலவற்றை வடிவமைப்பவர்கள், உண்மையான ஸ்டுடியோக் கருவியைப் போலவே குமிழ்களையும் முட்களையும் திரையில் அழகாக வரைகிறார்கள். திரைவாசிப்பான் திரையின் படத்தைப் பார்ப்பதில்லை. இயங்குதளத்தில் அதற்கென்று வைத்துள்ள வழியில், இது ஒரு குமிழ், இதன் பெயர் இது, இதன் அளவு இவ்வளவு என்று மென்பொருள் சொன்னால் மட்டுமே அது நமக்குச் சொல்ல முடியும். விண்டோஸில் அத்தகைய வழி 1997 முதலே இருக்கிறது. வரைந்தவர் அந்தத் தகவலைத் தராவிட்டால், கண் உள்ளவருக்கு நூறு குமிழ்கள் தெரியும் இடத்தில் எங்களுக்கு வெற்றுச் சாளரம் ஒன்றே கிடைக்கிறது. நல்ல வேளையாக, குமிழ்கள் பலவற்றுக்கும் உரிய அளவைப் பிளக்-இன் தன்னை இயக்கும் மென்பொருளிடம் தனியே தெரிவிப்பது வழக்கம். ஒசாரா அதை வாங்கி ஒரு பட்டியலாக எங்கள் முன் வைக்கிறது. எழுதியவர் குமிழ்களுக்குப் பெயரிட்டிருந்தால் பிழைத்தோம். 'பாராமீட்டர் 1', 'பாராமீட்டர் 2' என்று எண்ணோடு விட்டுவிட்டால், ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துக் கேட்டு, எது எதைச் செய்கிறது என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதை மாற்றுவது பெருஞ்செலவான வேலையன்று. பிளக்-இன் எழுதுவோர் பலரும் பயன்படுத்தும் ஜூஸ் என்னும் நிரல் தொகுப்பில், 2021-ல் வந்த 6.1 பதிப்பு முதல், திரைவாசிப்பானுக்கான ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2016-ல் தன் கீபோர்டு வரிசைக்குப் பேச்சு வசதியைக் கொடுத்தது. குமிழைத் தொட்டாலே அதன் பெயரும் அளவும் கேட்கும். தொடங்கும்போதே இதை எண்ணிச் செய்தால் சிறு உழைப்பு. பிறகு ஒட்டுப்போடப் புகுந்தால் பெரும்பாடு. வந்த வசதி நிலைக்கவும் வேண்டும். நான் பயன்படுத்தி வந்த ஒரு பதிவு மென்பொருளில் புதிய பதிப்பை நிறுவியபோது, அதுவரை பெயர் சொல்லி வந்த கருவிப்பட்டை முழுவதும் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டுமே ஒலித்தது. தோற்றத்தைப் புதுப்பித்தவர்கள் பெயர்களைச் சேர்க்கத் தவறிவிட்டார்கள். பாதியில் நின்ற பாட்டைப் பழைய பதிப்பைத் தேடி நிறுவித்தான் முடிக்க முடிந்தது. வெளியிடும் முன் ஒரு முறை திரைவாசிப்பானை இயக்கி, டேப் விசையைத் தட்டிக்கொண்டே போயிருந்தால் இக்குறை அவர்களுக்கே கேட்டிருக்கும்.

ஐக்கிய நாடுகள் அவை 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பண்பாட்டுப் படைப்புகளைத் துய்க்கும் உரிமையோடு நிற்கவில்லை. படைப்பாற்றலையும் கலைத்திறனையும் வளர்த்துப் பயன்படுத்தும் வாய்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்க வேண்டும், அது அவர்கள் நன்மைக்கு மட்டுமல்லாமல் சமுதாயத்தின் வளத்துக்கும் ஆகும் என்று அது சொல்கிறது. ஒலிப்பதிவு கற்பிக்கும் இடங்களில் இந்தப் பிரிவை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா? பார்வையற்ற மாணவர் சேர வந்தால், பாடகராகவோ வாத்தியக் கலைஞராகவோ வரவேற்கிறார்கள். பதிவுப் பொறியாளராக வர விரும்புகிறேன் என்றால் தயங்குகிறார்கள். கேட்டறியும் திறனே முதற்தகுதியான ஒரு தொழிலில் இந்தத் தயக்கத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. அவர் பதிவு செய்ததைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். நாங்கள் கேட்பது அவ்வளவே.

தங்கள் நாளிதழிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. தொழில்நுட்பக் கட்டுரைகளில், திரையில் எங்கே எந்த நிறத்தில் இருக்கிறது என்பதோடு, அந்தக் கட்டளையின் பெயரையும், அது இருக்கும் மெனுவையும், அதற்குரிய விசையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலானவை 'இதை இங்கே வைத்து இப்படி இழுத்தால் இப்படி வரும்' என்றே போகின்றன. அவற்றிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது பின்னணி இசை மட்டுமே. அச்சில் வரும் எழுத்துக்கு அந்தக் குறை இருக்க வேண்டியதில்லை. விசையைச் சொல்லி எழுதினால், கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க இயலாதவர்களுக்கும், விரைவாக வேலை முடிக்க விரும்பும் எவருக்கும் அது பயன்படும். படத்தோடு கட்டுரையை வெளியிடும்போது, படத்தில் இருப்பதை விவரிக்கும் ஓரிரு வரிகளை இணையப் பதிப்பில் சேர்த்தால், படம் வரும் இடத்தில் எங்களுக்கு வெறும் கோப்பின் பெயர் மட்டும் கேட்கும் நிலை நீங்கும்.

தங்கள் கட்டுரையிலிருந்த பதிவு, எடிட்டிங், ஒலியளவுச் சோதனை, எம்பி3 கோப்பாக மாற்றுதல் ஆகிய படிகளையெல்லாம், மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் செய்யும் முறையில் எழுதி இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். கட்டுரையாளர் தம் கணினியில் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, தேவையான திருத்தங்களைச் செய்து, தொடரின் அடுத்த பகுதியோடு வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐயம் எழும் இடங்களில் விளக்கம் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்